கதைத்து ஆறுதல் சொல்ல டிப்ளோமா போதாது: உயர்கல்வியைத் தீர்மானிப்பவர்களுக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

உயர்கல்விக்குப் பொறுப்பான கௌரவ அமைச்சர் அவர்களுக்கும், எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் படிப்பு நடக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் பெரியவர்களுக்கும்,

உளவியலையும் உளவளத்துணையையும் (கவுன்சலிங்) சேர்த்து, இளமாணியில் தொடங்கி முதுமாணிவரை இடைவெளி இல்லாமல் ஒரே தொடராகப் படிக்கக்கூடிய பட்டப்படிப்பு ஒன்றைத் திருகோணமலையில் தமிழ்மொழிமூலம் ஆரம்பிக்க வேண்டும் என்று இங்குள்ள சிலர் சேர்ந்து கேட்டிருந்தோம். அண்மையில் ஒரு கூட்டத்தில் அதற்குப் பதில் கிடைத்தது. "உளவளத்துணைக்கு ஏற்கெனவே ஒரு வருட டிப்ளோமா இருக்குதுதானே. சனத்தோட கதைச்சு ஆறுதல் சொல்லுறதுக்கு அது காணும். பட்டப்படிப்பைப் பிறகு பார்ப்பம்." சொன்னவர் பொறுப்பான பதவியில் இருப்பவர். கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மண்டபத்தில் பலர் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை ஏற்றுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

மகாவலி கடலோடு சேர்கிற பக்கத்துக் கிராமங்களில் பல வருடங்களாக உளவளத்துணை வேலை செய்து வருகிறேன். "ஆறுதல் சொல்லி அனுப்பலாம்" என்ற நிலையில் என்னிடம் வருபவர்கள் மிகக் குறைவு. அப்படிப்பட்டவர்களுக்கு அம்மாவோ, அயல்வீட்டு அக்காவோ, கோயில் ஐயரோ, பள்ளிவாசல் மௌலவியோ இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரிடமும் போய்ப் பார்த்து, அங்கே தீராமல்தான் என் அறைக்கு வருகிறார்கள்.

அந்த அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முக்கால் உயரத்துக்குப் பலகைத் தடுப்பு. கதவு கிடையாது, ஒரு திரைச்சீலை. அந்தப் பக்கம் அஸ்வெசும என்ற அரசின் நலன்புரிக் கொடுப்பனவுக்கான முறைப்பாட்டு வரிசை நிற்கும். பெண்கள் பலர் அந்த வரிசைக்கு வந்தவர்கள்போல வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் திரையை விலக்கி உள்ளே வருவார்கள். கையில் அஸ்வெசும கடதாசி இருக்கும், யாராவது கேட்டால் காட்டுவதற்கு. கதிரை நுனியில் இருந்துகொண்டு முதலில் சொல்வது நித்திரை வரவில்லை, நெஞ்சு அடைக்கிறது, தலைக்குள் இரைகிறது என்பதுதான். அடிக்கிற புருஷன், வாராவாரம் வீட்டு வாசலுக்கு வருகிற நுண்கடன்காரர், வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்க் கதைப்பதை நிறுத்திவிட்ட மகள் எல்லாம் மூன்றாம் முறையோ நான்காம் முறையோ வரும்போதுதான் வெளியே வரும். அந்த மூன்றாம் முறைவரை ஒரு ஆளை வரவைப்பதே ஒரு தொழில். அதைப் படிக்க வேண்டும், பழக வேண்டும், பக்கத்தில் இருந்து ஒருவர் திருத்த வேண்டும்.

ஒரு இளைஞனைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தகப்பனை யாரோ கூட்டிக்கொண்டு போனார்கள். இன்றுவரை தகவல் இல்லை. வளர்ந்து வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஒரு ஆடி மாதம் என்னிடம் வந்து கேட்டான்: "மிஸ், அப்பாவுக்கு நான் ஆடி அமாவாசை விரதம் பிடிக்கிறதா, இல்லையா? பிடிச்சா அவர் செத்துட்டார் எண்டு நானே சொல்லுற மாதிரி. அம்மா இன்னும் பொட்டு வைக்கிறா. பிடிக்காட்டி, அவர் உண்மையிலேயே இல்லாமல் போயிருந்தால், தண்ணி இறைக்கப் பிள்ளை இல்லாத ஆள் ஆயிடுவார்." இரவில் தூக்கமில்லை. வேலையிடத்தில் கை நடுக்கம். கொஞ்ச நாளாகக் குடி.

இந்தப் பிள்ளைக்கு "கவலைப்படாதே தம்பி, எல்லாம் சரியாகும்" என்று சொல்லலாமா? சாவுத் துக்கத்துக்குச் செய்கிற உளவளத்துணையை இவனுக்கு அப்படியே செய்ய முடியாது. செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாத இழப்புக்கு உளவியலில் தனியான அணுகுமுறைகள் இருக்கின்றன. ஒரு முடிவுக்கு வா என்று அந்த ஆளைத் தள்ளக் கூடாது. இரண்டு நினைப்போடும் சேர்ந்து வாழப் பழக்க வேண்டும், வீட்டில் உள்ளவர்களையும் சேர்த்துக் கொண்டு. நான் படித்த ஒரு வருட டிப்ளோமாவில் துக்கம் என்ற பாடமே ஒரு சனிக்கிழமை மத்தியானத்தோடு முடிந்துவிட்டது. காணாமற்போனவர்களுக்கான அலுவலகத்தை 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவாக்கிய நாடு இது. அந்தக் குடும்பங்களின் முன்னால் போய் இருக்க வேண்டியவர்களுக்கு ஒரு முழுமையான படிப்பை உருவாக்க இன்னும் தோன்றவில்லை.

இந்த மாவட்டம் பட்டது எல்லாவற்றையும் எழுதினால் மடல் நீளும். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2006இல் போருக்குப் பயந்து மூதூரே எழும்பி நடந்தது. சம்பூர்ச் சனம் கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் ஏறக்குறைய பத்து வருடம் தகரத்துக்குக் கீழே இருந்துவிட்டுத்தான் ஊர் திரும்பியது. 2022 பொருளாதார நெருக்கடி கடலுக்குப் போகிறவனின் மண்ணெண்ணெயில் கைவைத்தது. 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயலோடு மகாவலி வெள்ளம் வெருகல், மூதூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று சமூகமும் இதில் பட்டிருக்கிறது.

பெரிய அழிவு ஒவ்வொன்றுக்கும் பிறகு பயிற்சிப் பட்டறைகள் வந்தன. மூன்று நாள், ஐந்து நாள். வெள்ளைத் தாள், நிற நிறப் பேனைகள், கடைசி நாளில் சான்றிதழ், குழுப் படம். திட்டக் காசு முடிய வாகனங்கள் திரும்பிப் போயின. அந்தச் சான்றிதழ்களோடு நின்ற பிள்ளைகள் பலர் பிறகு வங்கியிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் வேலைக்குப் போனார்கள். வேறு என்ன செய்வது? அவர்கள் பெற்ற அனுபவத்தைப் பட்டமாக மாற்ற எந்த வழியும் இங்கே இருக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு வந்த 2005–2015 தேசிய உளநலக் கொள்கை, உளநல சேவையைப் பெரிய மனநல வைத்தியசாலைகளிலிருந்து மாவட்டங்களுக்கும் சமூகத்துக்கும் கொண்டுவரச் சொன்னது. நல்ல கொள்கை. சேவையைக் கொண்டுவரச் சொன்னால் ஆளையும் உருவாக்க வேண்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். டிப்ளோமாவோடு வேலைக்கு வந்து பல வருடம் ஆன பிறகு, கொழும்பில் வார இறுதிகளில் நடந்த ஒரு முதுமாணி வகுப்பில் சேர்ந்தேன். வெள்ளி இரவு பஸ் ஏறினால் ஹபரணை தாண்டும்போது கண் அயரும். விடிய முதல் கோட்டையில் இறங்கி, பொதுக் குளியலறையில் முகம் கழுவி, வகுப்புக்குப் போவேன். ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை அதே திரைச்சீலைக்குப் பின்னால். கட்டணத்துக்கு நகை அடகில். சரி, படிப்பென்றால் கஷ்டம் இருக்கும்தான், அதைச் சொல்லிப் புலம்ப வரவில்லை. சொல்ல வந்தது வேறு.

அந்த வகுப்பில்தான் முதல்முறையாக, நான் ஒரு ஆளோடு கதைத்ததை இன்னொருவர் முழுவதுமாகக் கேட்டார். ஒலிப்பதிவை நிறுத்தி நிறுத்தி, "இங்கே அவர் மூச்சை இழுத்தார், நீங்கள் ஏன் உடனே அடுத்த கேள்விக்குப் போனீர்கள்?" என்று கேட்டார். ஒரு கேள்வி. அன்றிலிருந்து நான் வேலை செய்யும் விதமே மாறியது. வாகன அனுமதிப்பத்திரத்துக்குக்கூடப் பக்கத்தில் ஒருவர் இருந்து பழக்குகிறார். உடைந்து வந்திருக்கும் மனிதர் முன்னால் எங்களை முதல் நாளே தனியாக இருத்துகிறார்கள். மேற்பார்வையோடு பழகுவது தொழிலின் தொடக்கத்தில் வர வேண்டும். இந்த நாட்டில் அது முதுமாணியில், கொழும்பில், ஆங்கிலத்தில், காசு உள்ளவருக்கு வருகிறது.

அந்த மேற்பார்வையாளருக்கு நான் இன்றும் நன்றி உள்ளவள். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு பதிவையும் எழுத்தில் இறக்கி, ஆங்கிலத்தில் மாற்றி அனுப்ப வேண்டும். கிடைக்கிற மேற்பார்வை நேரத்தில் பாதி, சீதன வீட்டில் மாப்பிள்ளை வந்து இருப்பது என்றால் என்ன, மச்சாள் வீட்டுக்கு ஏன் இவர் போகமாட்டார், புருஷன் இறந்து இத்தா இருக்கிற (வெளியே வராமல் காத்திருக்கிற) முஸ்லிம் பெண்ணிடம் எப்போது போகலாம் என்று விளங்கப்படுத்துவதிலேயே போய்விடும். கிண்ணியாவில் ஒரு வீட்டுக்குள் நடப்பது கிண்ணியாவை அறிந்த ஒருவரின் கீழே பழகினால்தான் பிடிபடும்.

என்னோடு கிழக்கிலிருந்து சேர்ந்த பெண்கள் சிலர் இடையில் நின்றுவிட்டார்கள். ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்குப் பிள்ளை, ஒருவருக்கு லீவு கிடைக்கவில்லை. மூவரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். உளவியல் படித்த ஒரு பிள்ளை இளமாணியை முடித்து முதுமாணிக்குப் போகும் இடைவெளியில்தான் நாங்கள் அவர்களை இழக்கிறோம். அந்த இடைவெளியில் வீடு கூப்பிடும், வேலை தேடச் சொல்லும், தம்பியின் படிப்பு வரும். ஒரே தொடராக வேண்டும் என்று நாங்கள் கேட்டது இதனால்தான்.

நாங்கள் கேட்பது புதுமையான ஒன்றும் இல்லை. சுவீடனில் உளவியலாளர் படிப்பு ஐந்து வருடத் தொடர். அதன் பிறகு ஒரு வருடம் மேற்பார்வையின் கீழ் வேலை செய்தால்தான் அனுமதிப்பத்திரம். அமெரிக்காவில் நான்கு வருட இளமாணியோடு ஒரு வருடத்தை ஒட்டி, இறுதியாண்டுப் பாடங்கள் சிலவற்றை இரண்டு பட்டத்துக்கும் கணக்கில் எடுக்கும் முறை உண்டு. இதை ஆசையோடு சொல்லிவிட்டு ஒரு எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். அப்படி ஒட்டிய படிப்புகள் பல உளவியல் அறிவைத் தரும், ஆனால் உளவளத்துணையாளராக உரிமம் பெற அவை அநேகமாகப் போதாது. அங்கே உளவளத்துணை முதுமாணிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பு 60 திறமைப்புள்ளிகள் (கிரெடிட்) கேட்கிறது. அதோடு 100 மணித்தியால ஆரம்பப் பயிற்சியும், 600 மணித்தியால உள்ளகப் பயிற்சியும் வேண்டும். அந்த 600இல் குறைந்தது 240 மணித்தியாலம் ஆளை நேரே இருத்திக் கதைத்ததாக இருக்க வேண்டும். ஆகவே இரண்டு பட்டத்தையும் இணைக்கிறோம் என்று சொல்லிப் பயிற்சி நேரத்தை வெட்டிவிட்டால், இன்றைய டிப்ளோமாவுக்கு நீளமான பெயர் வைத்ததாகத்தான் முடியும். அதை நாங்கள் கேட்கவில்லை.

எங்கள் நாட்டுச் சட்டகத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், 120 திறமைப்புள்ளிகள். பாடநெறி முதுமாணி 9ஆம் மட்டம், 30 திறமைப்புள்ளிகள். ஆய்வும் சேர்ந்தால் 10ஆம் மட்டம், 60. நான்காம் வருடத்தோடு சிறப்புப் பட்டத்தை எடுத்துக்கொண்டு வெளியே போக விரும்புகிறவர் போகலாம். தொழில் செய்ய விரும்புகிறவர் தொடரலாம். அப்புறம், வேறெங்கும் பார்க்காமல் கோணேசபுரியையே பாருங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் ஐந்து வருடம் படிப்பிக்கப்படுகிறது, அதன் பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி. உடம்புக்கு மருந்து கொடுக்கப் போகிறவரை ஆறு வருடம் பழக்கலாம் என்று ஏற்றுக்கொண்ட அதே வளாகம் மனதுக்கும் அப்படி ஒன்றைத் தாங்கும் என்று நம்புகிறேன்.

விரிவுரையாளர் இல்லை என்பீர்கள். இன்றைக்கு ஒரே இடத்தில் இல்லைதான். யாழ்ப்பாணத்தில் உளவியல் படிப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மட்டக்களப்பில் மருத்துவம் படிப்பிக்கிற பீடம் இருக்கிறது, உளமருத்துவம் அங்கே பாடமாக இருக்கிறது. கொழும்பில் மருத்துவ உளவியலில் முதுதத்துவமாணி (எம்.பில்.) படித்து வெளியேறுகிற தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கனடாவிலும் இங்கிலாந்திலும் இந்தத் தொழிலையே செய்கிற எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள், இணையவழியில் மேற்பார்வை செய்ய அவர்களைக் கேட்கலாம். நிரந்தரப் பதவி நாலைந்தை முதலில் உருவாக்கினாலே மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள்.

படித்தவர்களுக்கு வேலை எங்கே என்பீர்கள். பாடசாலைகளில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பிள்ளைகளிலிருந்து ஐஸ் போதைக்குள் போன பிள்ளைகள்வரை பார்ப்பது பெரும்பாலும் வேறொரு பாடத்தையும் படிப்பித்துக்கொண்டிருக்கிற ஒரு ஆசிரியர். வைத்தியசாலை, நன்னடத்தைத் திணைக்களம், சிறைச்சாலை, பிரதேச செயலகம், முதியோர் இல்லம் எல்லாவற்றிலும் தேவை இருக்கிறது. தேவை இருக்கிற இடத்தில் பதவி இல்லாமல் இருப்பது மாணவர்களின் குற்றமல்ல.

புத்தகங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் என்பதும் உண்மை. ஆங்கிலத்தில் வாசிக்கட்டும், தமிழில் பழகட்டும். இன்னும் ஒரு படி மேலே போய்க் கேட்கிறேன்: கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களப் பிள்ளைகளுக்கும் இந்தப் படிப்பு வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் சேர்த்தே தொடங்குங்கள். மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டுப் பழகுவதற்கு இந்த நாட்டில் இதைவிடப் பொருத்தமான மாவட்டம் எனக்குத் தெரியவில்லை.

அரசு நினைத்தால் இந்த விடயத்தில் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகத்தில் மிக உயர்ந்த வீதங்களில் அதுவும் ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு அது பெருமளவு இறங்கியது. தடை நஞ்சைக் கைக்கு எட்டாமல் செய்தது. நஞ்சைத் தேட வைத்த துயரம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நெருக்கடியில் இருப்பவருக்கு 1926 என்ற தொலைபேசி இலக்கத்தைக் கொடுக்கிறோம், நல்ல சேவை. அந்த அழைப்பு முடிந்த பிறகு, அடுத்த ஆறு மாதத்துக்கு அந்த ஆளோடு ஊரில் இருக்கப் போவது யார்?

ஆகவே எங்கள் கோரிக்கைகளைத் தெளிவாக எழுதுகிறேன்.

இந்தப் படிப்புக்கான பாடத்திட்டத்தை வரைய ஆறு மாதத்துக்குள் ஒரு குழுவை நியமியுங்கள். அதில் பேராசிரியர்களோடு, களத்தில் வேலை செய்யும் உளவளத்துணை உத்தியோகத்தர்களும், வைத்தியசாலை உளநலப் பிரிவுகளின் தாதியரும், பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும். படிப்பு ஐந்து வருடத்துக்குக் குறையக் கூடாது. மேற்பார்வையின் கீழான பயிற்சி 700 மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது, அதன் பிறகு கொடுப்பனவோடு ஒரு வருட உள்ளகப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி நகரத்தில் மட்டும் நடக்காமல் வெருகலிலும் புல்மோட்டையிலும் தம்பலகாமத்திலும் நடக்க வேண்டும். உயர்தரம் முடித்த பிள்ளைகள் மகாபொல புலமைப்பரிசிலோடு படிக்கக்கூடிய இலவசக் கல்வியாக இது இருக்க வேண்டும். கட்டணம் அறவிடும் வெளிவாரிப் படிப்பாக இதை மாற்ற வேண்டாம்.

ஏற்கெனவே டிப்ளோமாவோடு வேலை செய்கிற எங்களுக்கு, அனுபவத்தைக் கணக்கில் எடுத்து இரண்டாம் அல்லது மூன்றாம் வருடத்தில் சேர வழி திறந்து, சம்பளத்தோடு கல்வி லீவு தாருங்கள். படிப்பு தொடங்கும்வரை, இப்போது தனியாக வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் மாதம் ஒரு தடவையாவது தமிழ் தெரிந்த மேற்பார்வையாளர் ஒருவரை ஒழுங்குசெய்யுங்கள். முதல் அணி வெளியேறுவதற்கு முன்பே வைத்தியசாலைகளிலும் வலயக் கல்வி அலுவலகங்களிலும் அவர்களுக்கான பதவிகளை அங்கீகரித்து வர்த்தமானியில் வெளியிடுங்கள். உளவளத்துணை நடக்கிற அறை ஒவ்வொன்றுக்கும் மூடக்கூடிய கதவு போடுங்கள். அதற்கு எந்தக் குழுவும் தேவையில்லை, இந்த மாதமே செய்யலாம்.

இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும். ஆம் என்றால் எந்தக் கல்வியாண்டில் முதல் அணி உள்வாங்கப்படும் என்று எழுதுங்கள். இல்லை என்றால் காரணத்தை எழுதுங்கள், அடுத்த கூட்டத்துக்கு அதற்கான மறுமொழியோடு நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
உளவளத்துணை உத்தியோகத்தர் ஒருவர்,
திருகோணமலை மாவட்டம்.